ஒரு சொட்டில் விழித்தவை

நப்ரீஸ் நாநா வெள்ளவத்தையில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். இரத்மலானையில் அலங்கார மீன் வளர்க்கும் கொட்டகையில் வேலை. ஐந்து வேளையும் தொழுகிறவர். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி வுழுச் செய்த தண்ணீரைத் துடைக்கமாட்டார். அது தானாகக் காய வேண்டும் என்பது வாப்பாவிடம் பழகிய பழக்கம்.

கொட்டகையில் பெரிய ஆண் கோய் மீன் ஒன்று இருந்தது. விரல் நீளக் குஞ்சாக வந்ததை அவர்தான் வளர்த்தார். அவர் காலடி கேட்டால் மேலே வந்து வாயைத் திறக்கும்.

"நாநா, உங்கட மகன் தேடுறார்" என்று பகிடி பண்ணுவார், அங்கே பொறுப்பாக இருக்கும் சுரேகா மிஸ்.

அந்த மீனின் செவுள் அழுகத் தொடங்கியது. மருந்து பிடிக்கவில்லை. அது போவதற்குள் அதன் குஞ்சுகளையாவது எடுத்துவிட வேண்டும் என்று நாநா தவித்தார். பெண் மீனுக்கு முட்டையிட ஊசி போட்டாயிற்று. முட்டை வர இன்னும் நேரம் இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு நாநா வுழுச் செய்து முடிக்கும்போது மிஸ் கத்தினார்.

"நாநா, ஓடி வாங்கோ! மகன் கவிழுறார். விந்தை இப்பவே எடுத்து ஐஸில வைப்பம்."

மிஸ் மீனின் வயிற்றை உலரத் துடைத்து மெல்ல அழுத்தினார். ஒரு கரண்டியளவு, பால் போல, கிண்ணத்தில் இறங்கியது. நாநா வாங்கக் குனிந்தார். தாடித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதற்குள் விழுந்தது.

"ஐயோ, தண்ணி!"

"மீனுக்குத் தண்ணி கூடாதா மிஸ்?"

மிஸ் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். பிறகு அவரைப் பார்க்கச் சொன்னார். எண்ண முடியாத அத்தனை விந்தணுக்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால்கள் தளர்ந்தன. நின்றன.

"உடம்புக்குள்ள இதுகள் உறங்கிக்கொண்டு கிடக்கும் நாநா. தண்ணி பட்டா முழிச்சு நீந்தும். உள்ளுக்கு இருக்கிற நொதியங்கள் சேமிச்ச சக்தியை எரிச்சுத்தான் வால் ஆடுது. செலவாகிற வேகத்துக்குப் புதுசா உண்டாக்க ஏலாது. ஒரு நிமிஷத்தில முடிஞ்சிடும்."

மீனை மறுபடி அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. செவுளும் அசையவில்லை.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு பெண் மீன் முட்டை தந்தது. கெட்டுப்போன விந்தைக் கொட்டிவிடச் சொன்னார் மிஸ்.

"ஒண்டாவது ஓடாம நிண்டிரிக்கும் மிஸ்" என்று கெஞ்சி, அந்த விந்தையே ஊற்றிக் கலந்தார் நாநா. மறுநாள் முட்டைகள் எல்லாம் வெளிறி, இமையில்லாத கண்களாக அவரையே பார்த்தன.

இப்போது பள்ளிவாசலில் நெற்றியை நிலத்தில் வைத்து ஸஜ்தாவுக்குப் போனால், வரிசை முழுதும் எழுந்த பிறகும் நாநாவின் நெற்றி தரையிலேயே இருக்கிறது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"உறங்கினதுகள நான்தானே எழுப்பின? போக ஒரு எடமும் இல்லாம எழுப்பிட்டன்."

"தெரிஞ்சா செஞ்சீங்க நாநா? அல்லாஹ் மன்னிப்பான்."

"அவன் மன்னிப்பான். நெத்திய வச்சா கண்ணுக்குள்ள அதுகள் ஓடுது. எல்லாம் நிண்ட பொறகுதான் எனக்கு எழும்ப ஏலுது."