கடவை அளக்காமல் வாங்கிய புல்வெட்டி

என் கண்ணுகளா,

உங்கள் பெரியப்பா, அதாவது என் அண்ணன், மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவருடைய நேர்மையையும் கொடைக் குணத்தையும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அவ்வளவு பெரிய விஷயங்களை எழுத வராது. அவர் தம் சின்ன டிராக்டருக்குப் புல்வெட்டி வாங்கிய கதையைத்தான் எழுத வரும். அப்போது நீங்கள் குழந்தைகள், பாதிதான் நினைவிருக்கும். மீதியை நான் சொல்லிவிடுகிறேன். உடன் வாசிக்கும் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா பிறந்தது நாகலூருக்கு மேலே, இப்போது தோட்டம் இருக்கும் அதே சரிவில். அன்று அது சாமைக் காடு. எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டதால், அவர் படிப்பை விட்டு எஸ்டேட் வேலைக்குப் போய் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். (நான் எட்டோடு நின்றதற்கு அவர் காரணமல்ல, கணக்குப் பாடம் காரணம்.) எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டக் கற்றார். லீவு நாட்களில் காட்டைத் திருத்தி மேட்டில் காப்பியும், ஓரளவு சமமான கீழ்ப் பகுதியில் பேரி மரங்களும் வைத்தார். பிற்காலத்தில் சின்ன டிராக்டர் ஒன்றும் வாங்கினார்.

பேரித் தோட்டத்துக்குப் பகை புல்தான். மழை நின்றதும் இடுப்பளவு நிற்கும். மாசியில் காய்ந்துவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும். ஒரு வருடம் அப்படித்தான் தீப்பிடித்து ஒரு வரிசை மரம் கருகியது. புல் வெட்ட ஆளும் கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்கோ முழங்கால் மடங்காது. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், ஒருநாள் சொல்லிவிட்டான்:

"அப்பா, மாசிக்குள்ள புல்ல வெட்ட முடியலீன்னா தோட்டத்தக் காட்டேஜ் கட்டறவருக்கு விட்டுருங்க. அவரு தெனமும் போன் பண்றாருங்க."

"வெட்டறேன் சாமி. வெட்டலீன்னா விட்டுர்றேன்," என்றார் பெரியப்பா. சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல என்பதால் எங்களுக்குப் பயமாகிவிட்டது.

மறுநாளே நானும் அவரும் புல்வெட்டி பார்க்கச் சேலத்துக்குப் போனோம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் அடியில் கத்தி சுழன்று புல்லை வெட்டும் ரோட்டரி மோவர் அது. கடைக்காரர் அஞ்சடி அகலத்தில் ஒன்றைக் காட்டினார்.

"இத எடுத்துக்குங்க. ஒரே நாள்ல தோட்டத்துக்கே மொட்டை அடிச்சிரலாம்."

"என்ற வண்டி சின்னதுங்க. இத்தாம் பெருசப் பின்னால தூக்குனா முன்சக்கரம் எந்திரிச்சுக்கும். மேட்டுல நானு வானத்தப் பாத்துட்டுத்தான் ஓட்டோணும்," என்றார் பெரியப்பா.

அடுத்து கடைக்காரர் நாலடியைக் காட்டினார். பெரியப்பா மடியிலிருந்து கயிறு ஒன்றை எடுத்தார். டிராக்டரின் பின்சக்கரங்கள் எவ்வளவு அகலம் என்று அளந்து இரண்டு முடிச்சுப் போட்ட கயிறு. மோவர் அதைவிட இருபுறமும் நான்கு விரல் அகலமாக இருந்தது. "இதுதானுங்க வேணும். குறுகலா இருந்தா டயரு மிதிச்ச புல்லு வெட்டுப்படாம நிமிந்துக்கும்," என்றார். பிறகு, கத்தி கல்லில் மோதினால் முதலில் உடைவதற்கென்றே இருக்கும் போல்ட் எங்கே என்று கேட்டு, குனிந்து பார்த்து, அது உடைந்தால்தான் கியர்பெட்டி தப்பிக்கும் என்று கடைக்காரருக்கே விளக்கினார். அவ்வளவு கவனமாக யாரும் பெண் பார்த்ததில்லை.

டெம்போவில் ஏற்றி அடிவாரத்தில் டீ குடித்து மேலே வந்தோம். தோட்டத்துக்குள் போகும் வழியை நாங்கள் கடவு என்போம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நடுவில் இரண்டு சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் இடையேதான் பாதை. டிராக்டரே இருபுறமும் ஒரு விரல் இடைவெளியில்தான் நுழையும். டிராக்டரை ரோட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே மோவரை மாட்டினோம்; பெரியம்மா பொட்டு வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பெரியப்பா கம்பீரமாகக் கிளம்பினார். டிராக்டர் உள்ளே போனது. பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். மோவர் போகவில்லை.

பெரியம்மாதான் முதலில் கேட்டார்.

"ஏனுங்க, கயித்தத் தூக்கிக்கிட்டுச் சேலம் வரைக்கும் போயி அளந்தீங்களே, நம்ம கடவ அளந்தீங்களா?"

பெரியப்பா டிராக்டரின் டீசல் டேங்க் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

"ஒரு மரத்த வெட்டிப்போடலாம்," என்றார் மெல்ல.

அந்த இரண்டு மரங்களிலும் ஏறியிருந்தது பெரியம்மாவின் மிளகுக் கொடி. அவர் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "கொடி மேல அருவா பட்டுதுன்னா, காட்டேஜ்காரருக்கு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவேன்!"

லீவில் வந்திருந்த உங்கள் அண்ணன் செல்போனைக் கையில் எடுத்தான். "அப்போ அவருகிட்டச் சொல்லிரட்டுங்களா அப்பா?"

பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெரியம்மாவாலும் முடியவில்லை போலிருக்கிறது. மரத்தை விடாமலே சொன்னார்: "மரத்த வெட்டித்தான் போகோணுமா? சாய்ச்சுக் கட்டி, சாமியத் தூக்கறாப்பல தூக்கிட்டுப் போங்களேன்."

மூங்கில் வந்தது. மோவரைக் கழற்றிப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டினோம். எங்கள் டெம்போவால் நாகலூர் பஸ் பின்னால் நின்றுபோயிருந்தது. கண்டக்டரும் நாலு ஆண்களும் இறங்கி வந்து தோள் கொடுத்தார்கள். பஸ் ஜன்னலிலிருந்து ஓர் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "எந்தக் கோயல் சாமிங்க?" என்று கேட்டார். "கடவளக்காதவரு கோயலுங்க!" என்றார் பெரியம்மா. யாரோ "அரோகரா" போட்டார்கள். சிரிப்பில் மூங்கில் ஆடியது. மூங்கிலின் பின்முனை தாழ்ந்தபோது, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அதற்குத் தோள் கொடுத்தவன் உங்கள் அண்ணன்தான்.

வெட்டும் முன் பெரியப்பா எங்கள் எல்லோரையும் வரிசையாக நடக்கவிட்டுக் கல் பொறுக்க வைத்தார். கத்தியில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும் என்பார். "இத்தன கல்லப் பொறுக்கறதுக்குப் புல்லையே புடுங்கியிருக்கலாம்," என்றார் பெரியம்மா. வண்டி ஓடும்போது பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. சரிவில் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். கத்தி நின்ற பிறகுதான் இறங்க வேண்டும். இதையெல்லாம் நீங்களும் மனதில் வையுங்கள். மாசி பிறப்பதற்குள் தோட்டம் சுத்தமாகிவிட்டது. பங்குனியில் பக்கத்துக் காட்டில் பிடித்த தீ, நம் எல்லை வரை வந்து, எரிய ஒன்றும் இல்லாமல் அணைந்தது. காட்டேஜ்காரருக்கு உங்கள் அண்ணனே போன் செய்து வேண்டாம் என்று சொன்னான்.

உள்ளே போன மோவர் பிறகு வெளியே வரவில்லை. தோட்டத்துக்குள்ளேயே அதற்கு ஒரு கொட்டகை போட்டோம். அன்றிலிருந்து பீரோ வாங்கினாலும் மருமகள் பார்த்தாலும் பெரியம்மாவின் கேள்வி ஒன்றுதான்: "கடவ அளந்தீங்களா?"

கடைசி வருடம் பெரியப்பாவால் டிராக்டரில் ஏற முடியவில்லை. பேரி மரத்தடியில் உட்கார்ந்து, நான் ஓட்ட, "கத்திய நொம்பத் தாழ்த்தாத தம்பி, மண்ண வெட்டிப்போடும்!" என்று கத்துவார். ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலோடு தள்ளிப்போனபோது கட்டில் கதவில் இடித்தது. கண்ணைத் திறந்து பெரியம்மாவைப் பார்த்து, "இவங்களும் அளக்கல," என்றார். பெரியம்மா சிரித்தார், அழுதார். அதற்குப் பிறகு பெரியப்பா அதிகம் பேசவில்லை.

அவரைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்ய, மோவரைத் தூக்கிய அதே தோள்களில் சில அவரையும் தூக்கின. கடவில் எங்கும் இடிக்கவில்லை. தோள் கொடுத்தவர்களுக்கும், மழையில் அடிவாரத்திலிருந்து ஏறி வந்த சொந்தங்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், மோவர் தூக்கிய அன்று எங்களுக்காகக் காத்து நின்ற நாகலூர் பஸ்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஓராண்டு நிறைவுக்கு அவர் தலைமாட்டில் கல் வைக்க வேண்டும் என்று முடிவானது. கல் வாங்கச் சேலத்துக்குக் கிளம்பிய அன்று காலையில் நான் மட்டும் தோட்டத்துக்குப் போனேன். மோவர் கொட்டகையின் ஆணியில் அவருடைய முடிச்சுப் போட்ட கயிறு தொங்கியது. அதை எடுத்துவந்து, இரண்டு மரங்களுக்கும் நடுவே பிடித்து, கடவை அளந்தேன்.