கால் கிலோ வடாமும் ஒரே ஒரு பெட்டியும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காலி சூட்கேஸ் ஒன்றை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்திவைத்துக்கொண்டு அம்மா மண்டபம் ரோட்டைக் கடக்கப் பார்த்தேன். பத்து நிமிஷ வேலை. முக்கால் மணி நேரம் ஆனது.

சூட்கேஸில் ஒரு சக்கரம் உடைந்திருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பை ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்து மாற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஸ்ரீரங்கத்தில் ஒரு மனுஷன் பெட்டியோடு தெருவில் இறங்கினால் அது அவன் சொந்த விஷயமா என்ன? மருந்துக் கடைக்காரர் கேட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டார்கள். பூக்கார அம்மா மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக, “பெட்டியோட கிளம்பிட்டீங்களே சார்... வீட்டுல சண்டையா?” என்றார்.

எல்லோருக்கும் நின்று பதில் சொன்னேன். அது என் வியாதி. கேட்டால் சொல்லிவிடுவேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இது புதுத் தகவல் இல்லை.

ஆனால் இந்த முறை சொல்லக் கூடாது என்று உத்தரவு இருந்தது. உத்தரவு போட்டவர் என் மனைவி சுமதி. பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். “நாலு நாள் மடிக்கேரி போறோம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஒரே பெட்டி. உள்ள நம்ம சாமான் மட்டும். வேற யாரோட ஊசி நூல்கூட அதுல வரக் கூடாது” என்று பத்து நாள் முன்பே சொல்லியிருந்தாள்.

ஏன் அப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் பெட்டி எங்களுடையதாக இருந்ததே இல்லை. வெளியூர் கிளம்புகிறோம் என்று தெரிந்தால் போதும், அக்கம்பக்கம் பொட்டலத்தோடு வந்து நிற்கும். சென்னையில் இருக்கும் மகனுக்கு இட்லிப் பொடி. தங்கச்சி மாப்பிள்ளைக்கு நார்த்தங்காய். ஒரு தடவை பெங்களூருக்கு ஒரு பெரியவரின் பல் செட்டை டிபன் டப்பாவில் போட்டுக் கொண்டுபோனோம். திருச்சிக்கு வந்தவர் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பாவம், மனுஷன் பிளாட்பாரத்திலேயே காத்திருந்தார். வாங்கினார், மாட்டினார், அப்புறம்தான் எங்களைப் பார்த்து “வாங்கோ” என்றார்.

பொட்டலம்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு சாப்பாடு இருக்கிறது. சாப்பிட்டதும் கல்யாண ஆல்பம் இருக்கிறது. கால் கிலோவைக் கொடுக்கப் போய் அரை நாளைக் கொடுத்துவிட்டு வருவோம்.

சரி, கதைக்கு வருகிறேன். சக்கரம் மாற்றிய பெட்டியோடு திரும்பி வந்தால், எங்கள் அபார்ட்மென்ட் கேட்டிலேயே வேதா மாமி. எங்களுக்கு நேர் மேல் வீடு. எழுபதை நெருங்குகிறவர். கையில் துளசி, கண்ணில் கேள்வி.

“பெட்டியெல்லாம் பலமா இருக்கே... எங்க போறேள்?”

“மடிக்கேரி மாமி. சும்மா, நாலு நாள்.”

“மடிக்கேரியா? மைசூர் வழியாத்தானே போகணும்?”

இந்த இடத்தில் ‘தெரியலை மாமி’ என்று சொல்லியிருக்கலாம். இருமியிருக்கலாம். போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நகர்ந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? “ஆமா மாமி, மைசூர் வழியாத்தான்” என்று தலையாட்டினேன்.

சாயங்காலமே பொட்டலம் என் கைக்கு வந்துவிட்டது. மைசூரில் இருக்கும் மாமியின் மகளுக்கு வடாம். “கால் கிலோதான். காத்து மாதிரி இருக்கும். அவாத்துல ஒரு வேளை சாப்பிட்டுட்டுத்தான் போகணும், ஆமா. நான் போன்ல சொல்லிடறேன்.”

அதை என் ஆபீஸ் பையில் ஒளித்துவைத்தேன். இரண்டு நாள் நான் நடந்தால் பை கரகரவென்று சத்தம் போட்டது.

வியாழக்கிழமை சுமதி பரீட்சை பேப்பர் திருத்தப் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று பெட்டியைத் திறந்தேன். அடியில் வைத்துவிட்டால் மைசூர் போகிறவரை தெரியாது. போன பிறகு தெரிந்தால்? போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படி எடுத்தவைதான்.

பெட்டிக்கு அடியில் ஒரு பழைய துண்டு, மடித்து வைத்திருந்தது. தூக்கினால் கனமாக இருந்தது. பிரித்தேன். உள்ளே ஒரு ஜீன்ஸ் பேண்ட். முழங்கால் வரை வருகிற ஒரு டாப்ஸ். செய்தித்தாளில் சுற்றிய கான்வாஸ் ஷூ. கலர் என்ன என்று கேட்காதீர்கள், அதை மட்டும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

கோயமுத்தூரில் படிக்கும் எங்கள் மகளுக்கு வாங்கியது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பேண்ட்டுக்குள் அவள் இரண்டு பேராகப் போகலாம். (இந்த வரிக்கு அனுமதி வாங்கவில்லை.)

“அது எனக்குத்தாங்க.”

வாசலில் சுமதி. தோளில் பை, கையில் வெயிலுக்கு வைத்திருந்த குடை. நான் பேண்ட்டைப் பிடித்தபடி நின்றேன்.

“உனக்கா? சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பேனே. இங்கேயே போட்டுக்கலாமே, யாரு வேணாம்னா?”

“யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா எல்லாரும் ஏதாச்சும் சொல்லுவாங்க. ‘என்ன மிஸ், புதுசா இருக்கு’ம்பாங்க. நல்லா இருக்குன்னு சொல்லக்கூட நாலு பேர் வருவாங்க. யாரும் எதுவுமே சொல்லாத ஒரு இடத்துல, ஒரு நாலு நாள் போட்டுக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

அது எனக்குப் புரிந்தது. இவளோடு திருச்சியில் எங்கும் தனியாகப் போக முடியாது. எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஒரு “வணக்கம் மிஸ்.” தில்லை நகரில் பல் டாக்டர் ஒருவர், இவள் வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே கண்ணாடியை விட்டுவிட்டு, “மிஸ்... என்னைத் தெரியுதா? டென்த் பி” என்றார். வாயை மூடவும் முடியாமல் தெரியவில்லை என்று சொல்லவும் முடியாமல் இவள் கண்ணாலேயே வணக்கம் வைத்தாள். இருபத்தாறு வருஷமாக, கஞ்சி போட்ட புடவையும் தோளில் குத்திய பின்னுமாக, அவள் எப்போதும் யாருக்காவது மிஸ்தான்.

“சரி, அது என்ன உங்க கையில?” என்றாள்.

என் இன்னொரு கையில் வடாம்.

சுமதி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மாமி பொண்ணு வீடா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். பேண்ட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்து பீரோவில் வைத்தாள். ஷூவையும். பச்சைப் பட்டுப் புடவை ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். “சாப்பிடக் கூப்பிட்டவங்க வீட்டுக்கு நல்லதா ஒண்ணு வேணும்ல” என்று சொல்லிவிட்டு, காபி போடப் போய்விட்டாள்.

எனக்கு அந்த இடத்தில் வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கம். நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. அந்த நல்ல பெயருக்காக இத்தனை வருஷமும் இவளுடைய பெட்டியில் இடம் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வடாமை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

எடுத்தவுடன் உண்மையைச் சொல்ல தைரியம் வருமா? “மாமி, பெட்டியில இடமே இல்ல” என்று ஆரம்பித்தேன்.

“அதுக்கென்ன, கைப்பையில வெச்சுக்கோங்கோ.”

“கூட்டத்துல நொறுங்கிடும் மாமி.”

“நொறுங்கினா நொறுங்கட்டும். எண்ணெயில போட்டா எல்லாம் ஒண்ணுதான்.”

“மைசூர்ல இறங்கினதும் உடனே பஸ் பிடிக்கணும். நேரமே இருக்காது...”

“அப்போ ஸ்டேஷனுக்கே வரச் சொல்லிடறேன். கையோட சாப்பாடும் கட்டிண்டு வருவா.”

பொய் தீர்ந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

“மாமி, இடம் இருக்கு. நேரமும் இருக்கு. ஆனா இந்தத் தடவை முடியாது. நாங்க யாரையும் பார்க்கப் போகலை. சுமதிக்கு நாலு நாள் யாருமே தெரியாத இடத்துல இருக்கணும்னு ஆசை. தப்பா எடுத்துக்காதீங்க.”

என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மாமி பொட்டலத்தை வாங்கி மேஜைமேல் வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பேண்ட்டுக்காகவா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும் மாமி?” என்றேன்.

“போன ஞாயித்துக்கிழமை கார்த்தால, மொட்டை மாடியில வடாம் பிழியலாம்னு மாவை எடுத்துண்டு ஏறினேன். சுமதி பேண்ட்டு, ஷூ எல்லாம் போட்டுண்டு தண்ணி டேங்கைச் சுத்தி நடந்து பார்த்துண்டிருந்தா. என்னைப் பார்க்கலை. நான் சத்தம் போடாம இறங்கி வந்துட்டேன். வெயில் ஏறி அன்னிக்கு மாவெல்லாம் புளிச்சே போச்சு.” பொட்டலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “அது இந்தப் பயணத்துக்குன்னு தெரிஞ்சிருந்தா இதைக் கொடுத்தே இருக்க மாட்டேன். கூரியர்காரன் எதுக்கு இருக்கான்? நான் பார்த்தேன்னு அவகிட்ட சொல்லிடாதேள். அப்புறம் போட்டுக்கவே மாட்டா.”

கீழே வந்து, “திருப்பிக் கொடுத்துட்டேன்” என்றேன்.

“முடியாதுன்னு சொன்னீங்களா? நீங்களா?”

பாஸ் ஆகவே மாட்டான் என்று எழுதி வைத்த பையன் பாஸானால் ஒரு டீச்சர் எப்படிப் பார்ப்பாள், அப்படிப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்தாள். பட்டுப் புடவை வெளியே போனது, பேண்ட், ஷூவோடு அந்தத் துண்டு உள்ளே வந்தது. மூடியின்மேல் நான் ஏறி உட்காராமல் எங்கள் பெட்டி மூடியது அதுதான் முதல் தடவை. தூக்கினால் உள்ளே சாமான் அங்குமிங்கும் உருண்டது. அவ்வளவு இடம்!

மடிக்கேரியில் முதல் நாள் காலை ரூமிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் அரை மணி நேரம், இல்லாத முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். கை பழகிவிட்டது, என்ன செய்ய? மறுநாள் காப்பித் தோட்டத்துக்குள் நடந்தபோது குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால். நான் சுற்றிப் போக வழி தேடிக்கொண்டிருந்தேன். இவள் ஒரே தாண்டாகத் தாண்டி அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாண்டத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

நாலு நாளும் அங்கே யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மாமி பார்த்ததையும் சொல்லவில்லை. என் சரித்திரத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்த நீண்ட காலம் அதுதான்.

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. புடவைக்குத் திரும்பியாகிவிட்டது. இன்று காலை இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன், காலிங் பெல் அடித்தது. சுமதி போய்க் கதவைத் திறந்தாள். வேதா மாமி. உறைக்குக் கொஞ்சம் மோர் வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டார். போகவில்லை. இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏண்டி சுமதி... மொட்டை மாடியில அன்னிக்குப் போட்டுண்டு நடந்தியே...”

சுமதியின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன். போச்சு, இனி அந்தத் துண்டு பீரோவை விட்டு வெளியே வராது என்றுதான் நினைத்தேன்.

“...அது இடுப்புல எலாஸ்டிக்கா, பட்டனா?” என்றார் மாமி. “எனக்கில்லை. சும்மாத்தான் கேட்டேன்.”

சுமதி கதவை அகலமாகத் திறந்தாள்.

“எலாஸ்டிக் வெச்சதும் வருது மாமி. உள்ள வாங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “என்னங்க, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றாள்.

கதவைச் சாத்தி அரை மணி நேரம் ஆகிறது. மீதிப் பத்தியை மாடிப்படியில் உட்கார்ந்துதான் முடிக்கிறேன்... உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம்.