ரெக்கார்டர் வைத்தால் சண்டை வருமா?

"ஆன்ட்டி, நீங்களும் அங்கிளும் இன்னும் சண்டை போடறீங்கதானே?"

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காலிங் பெல் அடித்ததே என்று கதவைத் திறந்தால், இப்படி ஒரு கேள்வி. கேட்டவள் சம்யுக்தா. புனே லோஹேகாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் மேல் ஃபிளாட். கல்லூரியில் பி.ஏ. சமூகவியல், கடைசி வருடம். சின்னப் பிள்ளையில் ஸ்கூல் விட்டு வந்தால், அவள் அம்மா ஆபீஸிலிருந்து வரும்வரை எங்கள் வீட்டு சோபாவில்தான் கிடப்பாள். அந்த உரிமை!

எனக்குச் சுருக்கென்றது. வாராவாரம் பத்திரிகையில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். என்னிடம் இப்படியா கேட்பது?

"ஏன்ம்மா, யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. எனக்கு வேணும்."

"எது?"

"சண்டை."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தேன். கடைசி வருட மாணவர்கள் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். இவள் எடுத்திருக்கும் தலைப்பு — புனேயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எந்த மொழியில் சண்டை போடுகின்றன?

முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன். நியாயமான கேள்விதானே? வீட்டில் தமிழ், ஆட்டோக்காரரிடம் இந்தி, காய்கறி வண்டியில் மராத்தி, பேங்கில் இங்கிலீஷ் என்று பேசுகிறோம். கோபம் வந்தால் எந்த மொழி வரும்?

எங்கள் வீட்டுச் சண்டை திருநெல்வேலித் தமிழில் ஆரம்பிக்கும். உள்ளே போகப் போக இந்திக்கு மாறிவிடும். குற்றச்சாட்டு, குறுக்கு விசாரணை எல்லாம் சுத்த இந்தி. ஏன் தெரியுமா? கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. ஊரிலிருந்து யாராவது வந்து தங்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் எதிரே தமிழில் சண்டை போட முடியுமா? அடுத்த ரயிலில் விஷயம் பாளையங்கோட்டைக்குப் போய்விடாதா? அதனால் இந்தி. விருந்தாளிகள் போய்விட்டார்கள்... இந்தி தங்கிவிட்டது.

இதைச் சொன்னதும் சம்யு சோபாவிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"ஆன்ட்டி! இது டேட்டா!"

என் தாம்பத்தியத்தை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அவள் சிரிப்புக்குக் கீழே ஒரு கவலை இருந்தது. அவள் அப்பா கார்த்திகேயன் ஐ.டி. கம்பெனிக்காரர், பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய மகள் ஆர்ட்ஸ் எடுத்ததை அவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "இஷ்டத்துக்கு ஒரு கதை எழுதிட்டு ரிசர்ச்னு சொல்றது. இதுக்கு ஒரு டிகிரி" என்பது அவர் கட்சி. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு ஒப்பந்தம் ஆகியிருந்தது. கல்லூரியில் நடக்கும் மாணவர் ஆராய்ச்சிக் கருத்தரங்கில் இவள் கட்டுரை தேர்வாகி, நாலு பேர் ஒப்புக்கொண்டால் எம்.ஏ. இல்லையென்றால் எம்.பி.ஏ. கோச்சிங்.

"எனக்கு எம்.ஏ. வேணும் ஆன்ட்டி. ரொம்ப வேணும்" என்றாள். தமிழில் அவளுக்கு வார்த்தை கொஞ்சம் தட்டும். இந்த வாக்கியம் தட்டவே இல்லை.

பிறகென்ன? சம்மதித்தேன். எங்கள் வீட்டுக்காரரும் சம்மதித்தார். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போதெல்லாம் அவரை யாரும் எதற்கும் கேட்பதில்லை என்று அவருக்கு ஒரு குறை. "ஒரு வாரம் உங்க டைனிங் டேபிள்ல ரெக்கார்டர் இருக்கும் அங்கிள். சாயங்காலம் மட்டும்தான். நீங்க நார்மலா இருங்க, அது போதும்" என்று சொல்லி, விரல் நீளத்தில் ஒரு கறுப்பு ரெக்கார்டரை வைத்துவிட்டுப் போனாள்.

நார்மலாக இருப்பது அவ்வளவு லேசா?

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் ஷேவ் பண்ணிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ரெக்கார்டரில் குரல் மட்டும்தான் பதியும் என்று யார் சொல்வது? தொண்டையைச் செருமினார். ரெக்கார்டரைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்.

"வடிவு... தேநீர் அருந்துகிறாயா?"

தினமும் "ஏளா, சாய் எங்க?" என்று கத்துகிற மனுஷன்! எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் என் வாயிலிருந்து வந்த பதிலைக் கேளுங்கள்.

"தாங்கள் முதலில் அருந்துங்கள்."

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? சத்தியமாகத் தெரியாது. அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாலே முதுகு நிமிர்ந்துகொள்கிறது. நாக்கு தானாகத் தலை வாரிப் பூ வைத்துக்கொள்கிறது.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். குழம்பில் உப்பு கூடிவிட்டது; "சிறிது உப்பு மிகுந்துவிட்டது போலும், பரவாயில்லை" என்றார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். "துண்டைக் கொடியில் இட்டால் நன்றாக இருக்கும்" என்றேன். எங்கள் வீட்டில் எந்நாளும் வெடிக்கும் விஷயம், அவர் தங்கை. அதுவே பேச்சில் வந்தது. "தங்கள் சகோதரி நலமா?" என்று கேட்டுவிட்டேன், ஐயா!

ஒரு நாள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார், "உனக்கு வேலை அதிகம். நீ இல்லையென்றால் இந்த வீடு நடக்காது."

ரெக்கார்டருக்காகச் சொன்னதுதான். தெரியும். இருந்தாலும் இத்தனை வருடத்தில் முதல் தடவை அல்லவா? எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வாரம் முடிந்து சம்யு வந்தாள். ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப் போயிற்று.

"ஆன்ட்டி... நியூஸ் மாதிரி இருக்கு."

அவள் ரெக்கார்டர் வைத்த மற்ற வீடுகளிலும் இதே கதையாம். கசார்வாடியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் குடும்பம், தினமும் சாயங்காலம் ஆன் செய்து தேவாரம் பாடி ஆஃப் செய்திருக்கிறது. கடக்வாஸ்லாவில் ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வீட்டிலும் ஒரு சண்டை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரைச் சுருக்கம் கொடுக்க வேண்டும்.

"அப்பா கோச்சிங் சென்டருக்கு போன் பண்ணி டைமிங் கேட்டுட்டார்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை எதிர்காலமே போகிறது, ஒரு சண்டை போட முடியவில்லை என்றால் நாமெல்லாம் என்ன கணவன் மனைவி? "ரெக்கார்டரை வச்சுட்டுப் போ, நாளைக்கு வா" என்று அனுப்பினேன்.

எங்கள் வீட்டுக்காரர் மரியாதையாகக் கேட்டார். "எதைப் பத்தி சண்டை போடலாம்ங்க?"

"உங்க தங்கச்சியப் பத்தி?"

"அது வேண்டாம். அது நிசமாயிரும்."

யோசித்து யோசித்து, தக்காளி என்று முடிவாயிற்று. அவர் வாங்கி வந்த தக்காளி அழுகல் என்று நான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தேன். அவர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "அடியே! என்னையா சொன்னாய்?" என்று மீசையை முறுக்கினார். அவருக்கு மீசையே கிடையாது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஒருவழியாக முடித்தோம்.

மறுநாள் சம்யு கேட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"இது ஆக்டிங். நான் போட மாட்டேன் ஆன்ட்டி."

"யாருக்குடி தெரியப்போகுது? எழுதிக் குடுத்துட்டு எம்.ஏ. படிக்கப் போ!"

"இதைப் போட்டா, எங்க அப்பா சொல்றது கரெக்ட்னு ஆயிடும் ஆன்ட்டி. இஷ்டத்துக்குக் கதை எழுதறோம்னு."

இந்த வயதில் இவளுக்கு இருக்கிற ரோஷம் எனக்கு இருந்ததா?

ரெக்கார்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். அப்போது எங்கள் வீட்டுக்காரர் சும்மா இருக்காமல் முணுமுணுத்தார்.

"நான் அப்பவே சொன்னேன், தக்காளி வேண்டாம்னு."

"யாரு? நீங்களா? தக்காளின்னு சொன்னதே நீங்கதான!"

"நான் கத்திரிக்கான்னேன். நீதான் தக்காளின்னே. தும்ஹாரா ஹமேஷா யஹி ஹை! எப்பவும் இதே கததான்! பண்ணுததெல்லாம் நீ, பழி எம்மேல!"

"மீசை இல்லாம மீசையை முறுக்கினது யாரு? நாடகம்லா ஆடுனிய! மேரா திமாக் மத் காவ்! என் மூளையத் திங்காதிய!"

"அரே, காய் கட்கட்! என்ன தொணதொணப்பு! வாயத் தொறந்தா மூட மாட்டியா?"

தலைக்கு மேலே விமானப்படை விமானம் ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. லோஹேகாவ்காரர்களுக்கு இது பழக்கம். ஆளுக்கொரு விரலை நீட்டியபடி அப்படியே நிறுத்தினோம். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். இரண்டு நிமிடத்தில் அவர் தங்கை வந்துவிட்டாள். அவள் கல்யாணத்தில் எனக்கு எடுத்த புடவை வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம்!" என்று சம்யு கத்தினாள். பையைக் கவிழ்த்து ரெக்கார்டரை எடுத்துவிட்டாள். ஆனால் அமுக்கவில்லை. "ரெக்கார்ட் பண்ணலாமா? கேக்காமப் பண்ணக் கூடாது. ரூல்."

"பண்ணு!" என்றோம் இருவரும், ஒருவரையொருவர் முறைத்தபடியே.

அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, விரலை நீட்டி, முழுக் கோபத்தோடு சொன்னார்.

"வடிவு, நீ கூறுவதில் சற்றும் நியாயமில்லை."

"தாங்கள் பேசுவது எனக்கு மிகுந்த மனவருத்தம் அளிக்கிறது" என்றேன் நான்.

சம்யு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ரெக்கார்டரை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்கிள், இதுதான்! நான் தப்பான கேள்வி கேட்டுட்டேன். எந்த மொழில சண்டை போடறாங்கன்னு இல்ல. மைக் வெச்சா எந்த மொழிக்கு ஓடறாங்க? தேவாரம், தேங்க்ஸ், தேநீர்... அத்தனையும் டேட்டா!"

குப்பை என்று நினைத்த அத்தனை பதிவும் அவள் கட்டுரையாயிற்று. சுருக்கத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தாள். தேர்வானது.

கருத்தரங்குக்கு நாங்களும் போனோம். ஒரு பையன் ஆட்டோக்களின் முதுகில் எழுதியிருக்கும் வாசகங்களைப் பற்றிப் பேசினான். ஒரு பெண், கல்யாண ஆல்பங்களில் யார் யார் ஓரத்தில் நிற்கிறார்கள் என்று காட்டினாள். தினமும் நம் கண்ணில் படுவதுதான். நமக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை? நமக்கு ஆயிரம் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்... உண்மை அதுவல்ல.

சம்யு எங்கள் குரலை ஓடவிட்டாள். மராத்திப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று, தேநீர் வசனத்தைச் செய்தி வாசிக்கிற இந்தியில் திரையில் போட்டிருந்தாள் — "க்யா ஆப் சாய் கா சேவன் கரேங்கி?" அரங்கமே அதிர்ந்தது. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிடு போட்டார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பிறகு கேள்வி நேரம். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியை கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "மைக் வந்ததால் மாறினார்கள் என்கிறாய். மைக் இல்லாதபோது எப்படிப் பேசுவார்கள் என்பதற்கு உன்னிடம் பதிவு இல்லை. இது எப்போதுமே இப்படிப் பேசும் குடும்பமாக இருக்கலாமே?"

"எனக்குச் சின்ன வயசிலேர்ந்து தெரியும் மேடம்."

"அது உன் பாசம். நீ அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. வேறு சாட்சி உண்டா?"

சம்யு கையிலிருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"நாம எந்திச்சுச் சொல்லுவோமா?" என்று காதைக் கடித்தார் எங்கள் வீட்டுக்காரர்.

"நம்மளப் பத்தி நாமளே சொன்னா அது சாட்சியா? சும்மா இருங்க."

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். "மேடம், நான் சாட்சி."

திரும்பிப் பார்த்தால், கார்த்திகேயன்! மீட்டிங் இருக்கிறது, வர முடியாது என்று சொன்ன மனுஷன், லேப்டாப் பையோடு கதவோரம் நிற்கிறார். இங்கிலீஷில்தான் சொன்னார், நான் தமிழில் தருகிறேன்.

"நான் இவர்களுக்கு மேல் மாடி. வீட்டிலிருந்து வேலை செய்கிறவன். இவர்கள் வாழ்நாளில் தேநீர் அருந்தியதே இல்லை. சாய்தான், அதுவும் கத்திக்கொண்டேதான் குடிப்பார்கள். என் ஆபீஸ் போன் கால்களில் இவர்கள் குரல் கேட்காத நாள் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் என் கிளையன்ட் ஒருவர், 'திமாக் மத் காவ்' என்றால் என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். வேண்டுமானால் அவருக்கு இப்போதே போன் போடுகிறேன். என் மகள் எழுதியதில் ஒரு வரிகூடக் கதை இல்லை."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பேராசிரியையும் சிரித்துக்கொண்டே, "இந்தச் சாட்சியத்தையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்" என்றார். சம்யு கைதட்டியவர்கள் யாரையும் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கம் என்ன இதில்?

வெளியே வரும்போது பார்த்தேன். கார்த்திகேயன் அந்தப் பேராசிரியையை வழிமறித்து, எம்.ஏ.வுக்கு எங்கே, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சபையில் எங்கள் மானம் போனதே, இனியாவது குரலைக் குறைத்துக்கொள்வோம் என்றுதான் நினைத்தோம். ஆனால் பாவம்... அமெரிக்காக்காரர் இந்தி கற்றுக்கொண்டிருக்கிறார், பாதியில் விட முடியுமா?