டவரடியில் மூன்று பெட்டிகள்

செல்போன் கம்பெனிகளுக்குள் உண்மையிலேயே போட்டி இருக்கிறதா என்று விசாரிக்க அரசாங்கம் என்னை அனுப்பியிருந்தது. வெண்ணந்தூருக்கு வெளியே, ஒரு டவரின் அடியில் அதன் காவலாளியைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர், வலது காதில் துருக்கறை.

அங்கே மூன்று கம்பெனிகளின் சிக்னல் கருவிகள் வைத்த இரும்புப் பெட்டிகள் இருந்தன. பெட்டிகளை எண்ணி எழுதுவதே எங்கள் வழக்கம். நான் மூன்று என்று எழுதினேன். அவர் ஒவ்வொரு பெட்டியிலும் காதை ஒட்டிக் கேட்டார்.

"ஒண்ணுதானுங்க உசுரோட இருக்குது. மத்த ரெண்டும் செத்து வருசமாச்சு. நீங்களே கேட்டுப் பாருங்க சாமி."

கேட்டேன். முதல் பெட்டிக்குள் விசிறி சுற்றியது. மற்ற இரண்டிலும் என் ரத்தம் ஓடும் இரைச்சல்தான் கேட்டது.

"பெட்டி இருக்குல்ல? எங்களுக்கு அது போதும்" என்றேன்.

"அப்பச் சுடுகாட்டுலயும் தலை எண்ணுவீங்களாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார்.

எழுதிய மூன்றை நான் திருத்தவில்லை. 'போட்டி உண்டு' என்ற என் அறிக்கையோடு அந்த வட்டாரத்தின் விசாரணை முடிந்தது. மிஞ்சிய கம்பெனி இஷ்டத்துக்கு விலையை ஏற்றியது. ஊராருக்கு மாறிக்கொள்ள வேறு கம்பெனி இல்லை. தெரிந்தே செய்த தவறு அது.

ஓய்வுபெற்றபின், மன்னிப்புக் கேட்க, அன்று குறித்துவைத்த எண்ணில் அவரைப் போனில் அழைத்தேன். எடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை, இணைப்பும் அறுபடவில்லை. எடுத்தது அவர்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.