கண்ணைக் கட்டியும் தடுமாறாத பிளாஸ்மா

முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'சந்தேகம்'. அலுவலகத்தில் இரண்டு பெயர்களும் அவருக்கு ஒட்டிப்போயிருந்தன. ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்த ஊழியராகப் பதினோரு ஆண்டுகள்; அதே நாற்காலி, அதே முதுகுவலி.

எங்கோ கட்டப்படவிருக்கும் அணுக்கரு இணைவு மின்நிலையத்தின் பிளாஸ்மாவை, அந்தக் கொதிக்கும் வாயுவை, கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது அக்காவின் வேலை. காந்தப்புலம் அந்தரத்தில் தாங்கிப் பிடிக்கும் அந்த நெருப்பு கொஞ்சம் நழுவினால் போதும், மேலும் நழுவிக் கண்ணிமைக்கும் முன் சுவரில் மோதிவிடும். உணரிகள் அது இருக்கும் இடத்தை அளந்து சொல்லச் சொல்ல, கட்டுப்பாட்டு நிரல் காந்தச் சுருள்களின் மின்னோட்டத்தை மாற்றி அதை இழுத்து நிறுத்த வேண்டும். நிரலை எழுதியவர் அக்கா. கட்டுரைகளில் பெயர் போட்டுக்கொண்டவர் துறைத்தலைவர். அக்காவின் பெயர் கடைசிப் பக்க நன்றிப் பட்டியலில், ஏசி பழுதுபார்த்தவருக்குக் கீழே இருக்கும்.

பத்து நாளில் மறுஆய்வுக் குழு வருகிறது. அது நல்லபடி முடிந்தால் அக்காவுக்கு நிரந்தர வேலை. கோப்பு தலைவரின் மேசைவரை வந்துவிட்டது.

அன்று மதியம், ஓர் உணரி கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று சோதிக்க, கணினிக்குள்ளேயே ஒன்றைத் துண்டித்தார். பிளாஸ்மா அசையவில்லை. பத்தைத் துண்டித்தார். பிறகு மொத்தம் இருந்த அறுபதையும். திரையில் பிளாஸ்மாவின் இடத்தைக் காட்டும் கோடு அளவுகோல் வைத்து இழுத்தாற்போல நேராகவே ஓடியது.

பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்தாள். "அட, எல்லாம் போயும் நிக்குதே! ஸ்வீட் எங்க?"

"கண்ணக் கட்டிவிட்டும் ஒருத்தன் முட்டாம நடக்குறான்னா, துணி வழியாப் பாக்குறான்னு அர்த்தம் தாயே."

நிரலைத் தோண்டினார். மூன்று ஆண்டுக்கு முன், உணரிப் பகுதி தயாராகாத நாளில், கணினி தானே கணக்கிட்டு வைத்திருக்கும் பிளாஸ்மாவின் உண்மையான இடத்தை நேராகவே கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் ஒரு வரி. பக்கத்தில் அக்காவே எழுதிய குறிப்பு: 'தற்காலிகம். நாளை மாற்றவும்.' நாளை வரவேயில்லை. வரியை நீக்கி, உணரிகளை இணைத்து ஓட்டினார். முப்பத்தெட்டாவது மில்லி விநாடியில் பிளாஸ்மா சுவரில் மோதியது.

"ரிவ்யூ முடியட்டும்மா, அப்புறம் ஆற அமர சரி பண்ணு" என்றார் விஷயத்தைக் கேட்ட தலைவர்.

"அதுக்குள்ள இந்தக் கோட்ட நம்பி சுருள் அளவு முடிவாயிடும் சார்."

"எழுதினது யாருன்னு கேட்டா உன் பேரத்தான் சொல்லணும். தெரியும்ல?"

புகழுக்கு மேல்மாடி அறைதான் தெரியும். பிழைக்கு மட்டும் ஒப்பந்த ஊழியரின் மேசைவரை வழி அத்துப்படி.

மாலையில், லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வீங்கிய காலை வெந்நீரில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"பெர்மனென்ட் ஆனா நல்ல நாற்காலி தருவாங்கல்ல?"

"தருவாங்க."

"சொல்லாதேன்னு சொல்ல வாய் வரல. சொல்லுன்னும் வரல."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தண்ணி ஆறிடுச்சு, கால எடுங்க."

மறுஆய்வன்று ஐந்து நிபுணர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "ஓட்டிக் காட்டும்மா" என்றார் தலைவர். நேர்கோடு ஓடியது, தலைகள் ஆடின. அக்கா ஒவ்வோர் உணரியாகத் துண்டித்தார். கோடு அப்படியே ஓடியது. ஆடிய தலைகள் நின்றன.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இது எதைப் பாத்து நிக்குது?"

"விடையப் பாத்துதான் மேடம். அந்த வழியத் திறந்து வச்சவ நான். மூட மறந்துட்டேன்."

"ஒழுங்கா இணைச்சா?"

"முப்பத்தெட்டு மில்லி செகண்ட். சுவர்தான்."

யாரும் கைதட்டவில்லை. சுருள் அளவு முடிவாவது ஒத்திவைக்கப்பட்டது. நிரந்தர வேலைக் கோப்பு வந்த வழியே திரும்பியது. பிழையைத் திருத்துவதற்காக ஒப்பந்தம் மட்டும் இன்னோர் ஆறு மாதம் நீண்டது. கட்டுரைகளைத் திருத்தும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் அலுவலக லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி ஏறி வந்து, முதுகுக்குத் துண்டைச் சுருட்டி வைத்து உட்கார்ந்தார் அக்கா. நிரலில் ஓர் எண்ணை மாற்றி ஓட்டினார். நாற்பத்தொரு மில்லி விநாடி.

"நின்னுச்சா?" என்றாள் தோழி.

"மோதிடுச்சு. ஆனா விடையப் பாத்து இல்ல, தானாப் பாத்து நடந்து மோதிச்சு."