இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கிப் பைத்தியம் என்று சொன்னால் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். மிளகும் மல்லியும் மொத்தமாக விற்கிற மனுஷர். கரப்பான்பூச்சியைக்கூடத் துடைப்பத்தால் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார், அடிக்கமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டால் போதும், குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, ஏர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ரேஞ்சுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அட்டையில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுடுவதுதான் அவருக்கிருக்கும் ஒரே கெட்ட பழக்கம்.

அவருடையது பிஸ்டன் துப்பாக்கி. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். இத்தனையும் நடக்கிற வேகத்தில் துப்பாக்கியின் பின்கட்டை தோளில் ஓர் இடி இடிக்கும். அந்த இடி இருந்தால்தான் சுட்ட மாதிரி இருக்கும் என்பார். இடி விழுவது இடது தோளில். அவர் பிறவியிலேயே இடக்கைக்காரர்.

கடையில் அது யாருக்கும் தெரியாது. அவர்கள் குடும்பத்தில் சரக்கு அள்ளுவது, தராசு பிடிப்பது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கையால்தான். இடது கையால் ஓர் ஏலக்காயை நீட்டினாலும் லட்சுமி இறங்கிப் போய்விடுவாள் என்று என் மாமனாருக்கு நம்பிக்கை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பிள்ளையை அப்படியே பழக்கிவிட்டார். எழுத்தும் சாப்பாடும்கூட வலதுதான். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, ரேஞ்சில் அவர் துப்பாக்கியை இடது தோளில் வைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

போன வருஷம் கடையில் மயங்கி விழுந்தார். இதயம் மெதுவாக அடிக்கிறது, பேஸ்மேக்கர் வைக்கணும் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் மலையாளி நர்ஸ் வந்து, "சேட்டா, எந்தக் கைதான் கூடுதல் உபயோகிக்கும்? வலதா, இடதா?" என்று கேட்டாள். இவர் யோசிக்கவேயில்லை. "வலது" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் உறைக்கவில்லை. அதிகம் அசைக்காத பக்கத்தில்தான் அந்தப் பெட்டியை வைப்பார்களாம். இடது காறை எலும்புக்குக் கீழே வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்த பிறகு, அந்த மேட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏ பிள்ள, நான் ரைஃபிள் வைக்கிறது இங்கதானே?"

"அடப் பாவி மனுஷா! வாயைத் திறந்து இடதுன்னு சொல்ல என்ன கேடு?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? அந்தப் பதிலைச் சொல்லித்தானே வளர்ந்தார். சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்தத் தோளில் இடி படவே கூடாது, உள்ளேயிருக்கும் கம்பி கெட்டுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரேஞ்சில் கோச்சாக இருக்கும் மலையாளிப் பெண் இரண்டு வழி சொன்னாள். பழைய பிஸ்டனையே வலது தோளில் வைத்துப் பழகலாம். இல்லையென்றால் காற்றை முன்கூட்டியே உருளையில் அடைத்து வைக்கிற துப்பாக்கி ஒன்று இருக்கிறது. உள்ளே பாய்ந்து அடிக்கப் பிஸ்டன் கிடையாது, அதனால் இடியும் கிடையாது. டாக்டர் சம்மதித்தால் அதை இடது தோளிலேயே வைக்கலாம். தொல்லை என்னவென்றால், உருளைக்குப் பம்பு வைத்துக் காற்று அடிக்கணும். சைக்கிள் பம்புக்கு அண்ணன் மாதிரி ஒன்று, ஏறி மிதித்தாலும் அசையாது.

நான் பழையதன் பக்கம்தான் நின்றேன். நல்ல சாமானை மூலையில் போட்டுவிட்டுப் புதுசு எதற்கு? இவரும் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். காயம் நன்றாக ஆறியதும் வலது தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். குறிபார்க்கிற கண்ணும் இடது கண்தான் போல. கழுத்தைக் கோணிக்கொண்டு நிற்பார், குண்டு எங்கேயோ போகும். "சாரமில்ல சேட்டா, பழகும்" என்று தேற்றுவாள் கோச். பழகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உலகத்தில இருக்கிற வேலையெல்லாம் வலது கையால செய்றீங்கல்ல? இது ஒண்ணுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அதான் பிள்ள. அங்க மட்டுந்தான் யாரும் என் கையைத் தட்டிவிட மாட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார், பேப்பரை எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் இந்த மனுஷரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சின்னக் கையில் எத்தனை தட்டு விழுந்திருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லையே.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கட்டை எங்கே படும், காட்டுங்கள் என்றார். துப்பாக்கிக்கு எங்கே போவது? என் குடையை வாங்கித் தோளில் வைத்து, சுவரில் தொங்கிய இதயப் படத்துக்குக் குறிபார்த்து நின்றார் என் வீட்டுக்காரர். கதவைத் திறந்த நர்ஸ் ஒரு நிமிஷம் வெலவெலத்துப் போனாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குடையின் கைப்பிடிக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தார். கட்டையை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி, கைப்பக்கமாக வைக்கச் சொன்னார். "இடி இல்லாததுன்னா சரி. பம்பு மட்டும் நீங்க அடிக்கப்படாது."

"அதை நான் அடிச்சுக்கிறேன்" என்றேன். வாய்க்கொழுப்பு! துப்பாக்கி வந்த அன்றைக்குக் காரை நிறுத்துகிற இடத்தில் புடவையைச் செருகிக்கொண்டு பம்பின் மேல் தொங்கினேன். முதுகு விட்டுப் போயிற்று. "மதி, மதி" என்று மலையாளத்தில் போதும் போதும் சொல்லிக்கொண்டு என் கையைப் பிடிக்க வந்தார். "தள்ளி நில்லுங்க, உங்க கைராசி எனக்குத் தெரியும்" என்று விரட்டினேன். இன்றுவரை பம்பு என் டிபார்ட்மென்ட்தான்.

முதல் ஞாயிறு நானும் கூடப் போனேன். இடது தோளில் வைத்தார். டாக்டர் சொன்ன இடம்தானா என்று கட்டையை இரண்டு தடவை நகர்த்திப் பார்த்துக்கொண்டார். குண்டு கொடு என்று கையை நீட்டினார். இடது கை. கோச் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று அதை மடக்கிக்கொண்டு வலது கையை நீட்டினார்.

நான் அந்த வலது கையை நகர்த்தினேன். மடக்கிய விரல்களைப் பிரித்து, இடது உள்ளங்கையில் குண்டை வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் சுட்டார். சத்தம்கூட இல்லை, ஒரு பெருமூச்சுதான். குண்டு எங்கே பட்டது என்று நான் பார்க்கவில்லை. அடுத்த குண்டுக்கு அவர் இடது கையையே நீட்டினார்.