திரும்பி வந்த வீக்கம்

அந்த ஆடி மாதம் என் கால் செருப்புக்குள் நுழையவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம் அது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் நெய்கிறவனுக்குக் கால் வீங்குவது பெரிய காஞ்சிபுரத்தில் புதிதல்ல. எங்கள் தெருவில் யாரும் அதற்காக வைத்தியம் பார்த்ததில்லை. ஆனால் எனக்குக் காலையில் முகமும் வீங்கியது. என் அண்ணன் அப்படி முகம் வீங்கித்தான் இறந்தார். என் மகள் அப்போது கைக்குழந்தை.

காமாட்சியம்மன் சன்னதியில் நின்று அழுதேன். வீக்கம் வற்ற வேண்டும் என்று ஒரு மண்டலம் உப்பில்லாச் சோறு உண்பதாக வேண்டிக்கொண்டேன். என் மனைவி வள்ளியும் கூடவே உப்பை விட்டாள். அந்தச் சப்பைச் சோற்றை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி விழுங்கியது இன்றும் இனிக்கிறது.

வீக்கம் வற்றியது. பொங்கலிட்டோம். ஆசை தீர உப்பும் புளியுமாகச் சாப்பிட்டேன். சில நாட்களில் வீக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. அம்மன் கைவிட்டாள் என்று கோயிலுக்குப் போவதையே நிறுத்தினேன்.

வள்ளி என்னைத் தர்மாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னா, புதுப்பொண்ணாட்டம் வெக்கப்பட்டுக்கினு? சொல்லுங்களேன்!" என்று வள்ளி அதட்டினாள். "உப்பு தின்னாம இருந்தப்போ வத்திச்சி டாக்டரம்மா. தின்னதும் மறுபடி ஊதிக்கினாரு."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "உப்பை விட்டதும் வத்திச்சா? அப்போ இது தறிக்குழி வீக்கம் இல்லப்பா."

என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் சுடவைத்தார். பால் திரிவதுபோல் வெள்ளையாகத் திரண்டது.

"ஒடம்பு சத்து ஒண்ணுக்குல ஒழுகுது, கிட்னி கெட ஆரம்பிச்சிருக்குது. நல்லவேளை, இப்பவே புடிச்சிட்டோம். இன்னும் விட்டிருந்தா பட்டணம் போயும் பிரயோஜனமில்ல."

"அப்போ உப்பு?" என்றாள் வள்ளி.

"ஆயுசுக்கும் கொறைச்சல்தாம்மா."

"அய்யோ, எனக்குமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

பிறகு மாத்திரை, மாதாமாதம் சிறுநீர் சோதனை. அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். அவர் அறையின் ஸ்பிரிட் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நான் இன்றும் நெய்கிறேன்.

வீக்கம் வற்றியதை அருள் என்று அன்று பொங்கலிட்டேன். அது திரும்பி வந்ததுதான் அருள். வற்றியே போயிருந்தால் நான் யாரிடமும் காட்டியிருக்க மாட்டேன். அம்மனை நம்புகிறவர்களே, கேட்டது கிடைக்கவில்லையென்று சன்னதியைவிட்டுத் திரும்பாதீர்கள். முகம் வீங்கினால் அவளைக் கும்பிடுங்கள். அன்றே ஆஸ்பத்திரியில் சிறுநீரையும் காட்டிவிடுங்கள்.